சான்ட்ரோவுக்கு வீட்டிலேயே பிளக் மாற்றினேன், மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை

நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் ஏறும்போதுதான் முதலில் தெரிந்தது. தங்கை வீடு ஊமச்சிகுளத்தில் இருக்கிறது. மாதம் இரண்டு தடவையாவது திருநகரிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து போய் வருவோம். தல்லாகுளத்தில் ஏறினால் 7.3 கிலோமீட்டர் சிக்னலே இல்லை என்பதால், 2023 ஏப்ரலில் பாலம் திறந்ததிலிருந்து அதுதான் எங்கள் வழி. அன்றைக்கு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் காலை அழுத்தினால், யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவதுபோல் வண்டி வெட்டியது. மெக்கானிக் பாஷையில் மிஸ்ஸிங். மேலே சமதளத்துக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. பின் சீட்டிலிருந்து பையன், "அப்பா, வண்டிக்கு விக்கல்" என்றான்.

வண்டி 2010 மாடல் ஹூண்டாய் சான்ட்ரோ கார். நாலு சிலிண்டர், 1086 சி.சி., 87 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், எதற்கும் இருக்கட்டும் என்று ஃபியூவல் பம்ப் என ஒரு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். கோளாறு எதில் என்று கேட்டால், "எல்லாம் பண்ணிட்டா சரியாயிடும் சார்" என்று பதில். எல்லாவற்றையும் செய்தால் சரியாகத்தான் போகும், அதற்கு ஒரு ஆள் வேண்டுமா? எஸ்டிமேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குச் சந்தேகம் பிளக் மேல், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக் மேல். பிளக் என்றால் எனக்குப் பயம் கிடையாது. அப்பாவின் டி.வி.எஸ். 50 கற்றுக்கொடுத்த பாடம் அது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து குடிக்கும். கொஞ்சம் ஆயில் கூடிப்போனால் பிளக் கரி பிடித்துக்கொள்ளும். திருமங்கலம் சந்தைக்குப் போகும் வழியில் அப்பா வண்டியை ஓரம் கட்டி, பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டுப் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் நாலு தேய், வாயால் ஒரு ஊது, திரும்ப மாட்டி உதை. ஐந்து நிமிட வேலை. பத்து வயதில் நானே செய்திருக்கிறேன். எந்தக் கம்பெனிப் பிளக்காக இருந்தாலும் அப்பாவுக்கு அது 'மைக்கோ பிளக்'தான்.

காரில் அதே வேலை நாலு மடங்கு என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். கொஞ்சம் அவசரக் கணக்கு அது.

ஏன் பிளக்கைச் சந்தேகப்பட்டேன் என்றால், ஏற்றத்தில் மட்டும் வெட்டியதால். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று கூடுதலாக நுழைகிறது, அமுக்கமும் கூடுகிறது. அமுக்கம் கூடிய காற்றைத் தாண்டிப் பொறி குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். சும்மா நிற்கும்போது சமாளித்துவிடும் பிளக், பாரம் ஏறும்போது தடுமாறும். பெட்ரோல் வராத கோளாறு என்றால் சமதளத்தில் வேகமாகப் போகும்போதும் இழுக்காமல் இருக்க வேண்டும். அது இல்லை. சாதா நிக்கல் பிளக் 30, 40 ஆயிரம் கிலோமீட்டர் வரை தாங்கும். என் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பழைய பில்களைப் புரட்டினால், 'பிளக் கிளீன்' என்று மூன்று பில்லில் இருக்கிறது. மாற்றியதாக ஒன்றிலும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் என்.ஜி.கே. பி.கே.ஆர்.5ஈ.எஸ்-11 வாங்கினேன். இந்த எழுத்துக் கோவையைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். முதல் இரண்டு எழுத்துக்கு 14 மி.மீ. மரை, 16 மி.மீ. பாக்ஸ் என்று பொருள். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது, ரேடியோவில் கரகர சத்தம் வராது. 5 என்பது சூட்டு எண். இந்தக் கம்பெனியில் எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை வேகமாக வெளியே கடத்திவிடும். ஈ என்றால் மரையின் நீளம் 19 மி.மீ. கடைசி 11 என்றால் இடைவெளி 1.1 மி.மீ. கடைக்காரர், "6 இருக்கு, அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்றார். ஒன்று இல்லை. மேனுவலில் இருப்பதுதான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். நாலுக்குப் பதில் ஐந்தாக வாங்கினேன், என் கையைப் பற்றி எனக்குத் தெரியும். அதே கடையில் உள்ளே ரப்பர் வைத்த 16 மி.மீ. பிளக் சாக்கெட், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ், ஒரு சின்ன டியூபில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ். ராட்செட்டும் எக்ஸ்டென்ஷன் ராடும் வீட்டில் உண்டு. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டார்க் ரென்ச்சை எதிர்வீட்டு அண்ணனிடம் கேட்டு வைத்தேன். அவர் ஹார்விபட்டிக்காரர். மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் அது. அவரும் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவல் கொடுப்பார், ஆனால் கூடவே வந்து நிற்பார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். இதில் இரண்டு கணக்கு. சித்திரை மாத வெயில் எட்டு மணிக்கெல்லாம் தெருவை அடுப்பாக்கிவிடும். அதைவிட முக்கியம், இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட் அலுமினியம், பிளக் உடம்பு இரும்பு. சூட்டோடு கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்து பிளக்கோடு வந்துவிடும். அப்புறம் ஹெலிகாயில் என்ற மாற்று மரைச் சுருளைப் போட லேத் பட்டறைக்கு அலைய வேண்டியதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

பானட்டைத் திறந்ததும் கைலியோடு வந்த எதிர்வீட்டு அண்ணன், என் கைலியைப் பார்த்து, "தம்பி, போய் பேண்டை மாட்டிட்டு வாங்க. பெல்ட்டு ஓடுற இடத்துல இதோட நிக்கக் கூடாது" என்றார். வண்டி ஓடவில்லையே என்றேன். "பெறகு ஓடுமுல்ல?" அவர் மட்டும் கைலியில் எட்ட நின்றுகொண்டார்.

பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் நாலு வயருக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதினேன். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்று. வயர் இடம் மாறினால் பொறி தப்பான சிலிண்டருக்குப் போகும், வண்டி இருமும், ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். பழகாதவர்கள் ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்லது. எனக்கு நாலையும் வரிசையாக வைத்துப் பார்க்க ஆசை, அதனால் டேப். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடியில் இருக்கும் ரப்பர் தொப்பியைப் பிடித்து, முதலில் இடமும் வலமும் அரைச் சுற்றுத் திருகி ஒட்டுதலை விடுவித்துவிட்டு, நேராக மேலே. இரண்டாவது தொப்பி மட்டும் மற்ற மூன்றையும்விட விறைப்பாக இருந்தது. வயசான ரப்பர் என்று நினைத்துக்கொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

வண்டி நிற்பது வேப்பமரத்தடி. பிளக் குழிகளில் காய்ந்த வேப்பம்பூ, மணல், ஒரு செத்த எறும்புக் கூட்டமே கிடந்தது. பிளக்கை எடுத்ததும் இதெல்லாம் நேராகச் சிலிண்டருக்குள் விழும். அதனால் முதலில் சைக்கிள் பம்ப்பால் ஊதினேன். பிறகு சாக்கெட்டை இறக்கிக் கால் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு மறுபடி ஊதினேன். மரையை ஒட்டி அப்பியிருந்த மண் இரண்டாம் தடவையில்தான் வந்தது. ஊதும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கண் அரை மணி நேரம் சிவந்திருந்தது.

மூன்று பிளக் சுலபமாக வந்தன. நாலாவது இறுகிப்போய்க் கிறீச்சிட்டது. ராட்செட்டில் இன்னும் பலம் போடப் போனேன். "பைய, பைய. அரைச் சுத்து கழத்துங்க, கால் சுத்துப் போடுங்க, திரும்பக் கழத்துங்க. அது வழி விடும்" என்றார் அண்ணன். நான்கைந்து தடவை அப்படி முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு சொட்டு துரு ஆயில் விட்டு, பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வந்தால், சொன்னபடியே வழிவிட்டது.

நாலையும் பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். சிலிண்டருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாட்சி சொல்லும் ஒரே சாமான் பிளக். முனைப் பீங்கான் வெளிர் பழுப்பாக, காய்ந்த பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். கையில் ஒட்டும் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுகிறது அல்லது பொறி சரியாக விழவில்லை. ஈரமும் பிசுபிசுப்புமாக இருந்தால் ஆயில் உள்ளே கசிகிறது. வெள்ளை வெளேரென்று கொப்புளம் கண்டிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. என்னுடையதில் 1, 3, 4 மூன்றும் பிஸ்கட் நிறம். 2 மட்டும் அடுப்புக் கரி.

ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். 1.1 இருக்க வேண்டிய இடத்தில் 1.4 தகடு தாராளமாகப் போய் வந்தது. நடு முனையின் விளிம்பு கூராக இருக்க வேண்டியது, நாவற்பழக் கொட்டைபோல் உருண்டிருந்தது. இன்னொரு வேடிக்கை: இரண்டு பிளக்கில் நடு முனை அதிகம் தேய்ந்திருந்தது, மற்ற இரண்டில் மேலே வளைந்த கொம்பு அதிகம் தேய்ந்திருந்தது. வோல்டேஜைக் கூட்டிக் கொடுக்கும் 'காயில்' என்ற கம்பிச்சுருள் ஒன்றே இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் பொறி அனுப்பும் ஏற்பாட்டில், ஒரு பிளக்கில் மின்சாரம் நடுவிலிருந்து கொம்புக்கும், ஜோடிப் பிளக்கில் கொம்பிலிருந்து நடுவுக்கும் பாயும். மின்சாரம் பாயும் திசைக்கேற்பத் தேய்மானமும் மாறுகிறது. புத்தகத்தில் படித்தது, செய்தித்தாள் மேல் கண்ணால் பார்த்தபோது ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் எல்லாப் பிளக்கின் நெருப்புப் பக்கத்தையும் ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்தேன். மேலே வயர் மாட்டும் வெள்ளைப் பீங்கான் பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டாம் நம்பர்தான் ஆளு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் புதுசை மாட்டப் போனேன்.

புதுசு என்றாலும் இடைவெளி பார்த்தே மாட்ட வேண்டும். பெட்டிக்குள் இடி வாங்கியிருக்கலாம். நாலும் 1.1க்குச் சரியாக இருந்தன. மூன்றாவதை அளந்துகொண்டிருக்கும்போது கை வழுக்கிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. பார்வைக்குக் கீறல் இல்லை. கொம்பு கொஞ்சம் அமுங்கி 0.8 ஆகியிருந்தது. நிமிர்த்திவிடலாம். ஆனால் பீங்கானுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருந்தால் பொறி அந்த வழியாகத்தான் போகும். கீழே விழுந்த பிளக்கை மாட்டக் கூடாது என்பது விதி. ஐந்தாவது பிளக் வெளியே வந்தது. எதிர்வீட்டு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை மட்டும் மறைத்துக்கொண்டார்.

மரை ஏற்றுவதுதான் இந்த வேலையில் உயிர்நிலை. கோணலாக ஏறினால் ஹெட் போயிற்று. ராட்செட்டைத் தூர வைத்துவிடுங்கள். பிளக்கின் பீங்கான் தலையில் ஒரு ஜாண் பெட்ரோல் ஹோஸைச் செருகி, அதைப் பிடித்துக் குழிக்குள் இறக்கி, விரலால் சுற்றினேன். மரை நேராகப் பிடித்தால் பிளக் சுற்றிக்கொண்டே இறங்கும். கோணல் என்றால் ஹோஸ் மட்டும் வழுக்கும், மரைக்குச் சேதம் வராது. முதலில் இடப்பக்கம் அரைச் சுற்றுச் சுற்றினால் மரை மரையோடு விழும் சின்ன 'டிக்' விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். நாலும் விரலாலேயே இறங்கின.

அடிவரை இறங்கியதும் சாக்கெட். வாஷரோடு வரும் புதுப் பிளக்குக்கு, விரலால் இறுகிய இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை. வாஷர் நசுங்கி உட்காரும் அளவு அது. டார்க் ரென்ச் இருந்ததால் 25 நியூட்டன் மீட்டரில் வைத்தேன், கிளிக் என்றதும் நிறுத்தினேன். அண்ணன் ஒரு டப்பாவை நீட்டி, "மரையில கொஞ்சம் கிரீஸைத் தடவுங்க, அடுத்த தடவை அல்வா மாதிரி கழலும்" என்றார். வேண்டாம் என்றேன். இந்தப் பிளக்குகளின் மரையில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது. மேலே கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே 25க்கு மரை அதிகமாக இழுபட்டுவிடும். அவருக்குச் சம்மதமில்லை. முப்பது வருஷம் மில்லில் போல்ட் போட்டவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, நானும் முயலவில்லை. தொப்பியின் உள்விளிம்பில் மட்டும் துளி டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, 'டப்' என்று உட்காரும் வரை அழுத்தினேன்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினால் முதல் சுற்றிலேயே பிடித்தது. ஐடிலில், அதாவது சும்மா நின்று ஓடும்போது, ஸ்டீயரிங் நடுக்கம் இல்லை. எட்டரை மணிக்குள் வேலை முடிந்த பெருமையோடு திருப்பரங்குன்றம் ரயில்வே மேம்பாலத்துக்குப் போனேன். ஏற்றத்தில் மூன்றாம் கியர், கால் அழுத்தினேன். வெட்டியது. முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அதே வெட்டு, அதே விக்கல்.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். நாலு வயரின் ரெசிஸ்டன்ஸையும் அளந்தேன். நீளத்துக்கு ஏற்றபடி எல்லாம் சில கிலோஓம், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. ஆக, வயர் குற்றமற்றது என்று விடுதலை செய்துவிட்டேன். இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் அளப்பது ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்து, வயருக்கு உள்ளே வழி இருக்கிறதா என்பதை. பிளக் வயரில் ஓடுவதோ பத்தாயிரக்கணக்கான வோல்ட். உள்ளே வழி இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை, வெளியே போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஓட்டைக் குடத்தின் வாய் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்த கதை.

மத்தியானம் இன்ஜெக்டராகத்தான் இருக்கும், எஸ்டிமேட்டை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அண்ணன் வந்தார். திண்ணையில் கிடந்த பழைய பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டாவதைத் திருப்பி, வெள்ளைப் பீங்கானை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன கோடு தம்பி?"

பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, மேல் நுனியிலிருந்து இரும்பு உடம்பு வரை நேராக இறங்கியது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. மற்ற மூன்றிலும் பீங்கான் இரும்போடு சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது. அந்த வளையம் ஒன்றும் செய்யாது. காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகள் உயர் வோல்டேஜால் ஈர்க்கப்பட்டு அங்கே படிவது, பலர் அதைக் கம்ப்ரஷன் கசிவு என்று நினைத்துப் பயப்படுவார்கள். நெட்டுக்கோடு வேறு. பொறி முனைக்குப் போகாமல், பீங்கானின் வெளிப்பக்கமாக வழுக்கி ஹெட்டுக்கு ஓடியதன் தடம்.

"கரண்ட்டு வெளிய அடிக்கிது. ராத்திரி இருட்டுல பாத்தா தெரிஞ்சிரும்" என்றார்.

எங்கள் தெருவில் இருட்டு எங்கே இருக்கிறது? எல்.இ.டி. விளக்கு கல்யாண வீடு மாதிரி எரியும். எட்டு மணிக்கு மேல் இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு தென்கால் கண்மாய்ப் பக்கம் விளக்கில்லாத ஓர் ஓரத்துக்குப் போனோம். அவர் டிரைவர் சீட்டில், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு. நான் பானட் முன்னால், பேண்டில், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஓடும் வண்டியில் பிளக் வயரைத் தொடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்றும், அதையும் மறக்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷம் ஆயிற்று, அதற்குள் கொசு என்னைப் பாதி தின்றுவிட்டது.

ஐடிலில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் இஸ்திரி போட வைத்திருக்கும் ஸ்பிரேயரால் வயர்கள் மேல் பனிபோல் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். பீய்ச்சக் கூடாது, சூடான எக்ஸாஸ்ட் பக்கம் படவும் கூடாது. ஒன்றாவது, ஒன்றுமில்லை. இரண்டாவதில் படர்ந்ததும் இன்ஜின் ஒரு தரம் தடுமாறியது. "அண்ணே, கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க" என்றேன். அவர் காலை அழுத்திய அந்த நொடியில், இரண்டாவது குழியின் வாயில் நீல நூல் ஒன்று துடித்தது. தொப்பியின் பக்கவாட்டிலிருந்து குழிச் சுவருக்கு, டிக் டிக் டிக் என்று. கால் எடுத்தால் நூல் மறைந்தது, அழுத்தினால் வந்தது. ஏற்றத்தில் விக்கல் வந்த மாதிரியே. நாங்கள் பத்துத் தடவை செய்து பார்த்திருப்போம். கடைசி ஐந்து தடவைக்குக் காரணம் எதுவும் இல்லை, அழகாக இருந்தது. அவரும் இறங்கி வந்து பார்க்க வேண்டும் என்றார், நான் போய் ரேஸ் பண்ணினேன்.

வீட்டில் தொப்பியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவரில் பிளக் பீங்கானில் இருந்த அதே கோடு, கண்ணாடியில் பார்த்ததுபோல். பாதி வழியில் குண்டூசி முனையளவு ஒரு துளை. ரப்பரை வளைத்தால் சுற்றிலும் மெல்லிய வெடிப்புகள். காலையில் விறைப்பாக இருந்ததே, அதுதான் இது. நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும்: பிளக் தேய்ந்து இடைவெளி 1.4க்கு அகன்றது. அதைத் தாண்டக் காயில் வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போனது. நாலு வயரில் எது மிகவும் காய்ந்திருந்ததோ அங்கே அந்த வோல்டேஜ் சுலபமான வழியைக் கண்டுபிடித்தது. ஒரு தடவை கரிக்கோடு விழுந்துவிட்டால் அதுவே மின்சாரத்துக்குப் பாதை, அதன் பிறகு புதுப் பிளக் போட்டாலும் பழைய வழியை விடாது. இடைவெளி 1.1க்குத் திரும்பியதால் விக்கல் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். மூல காரணம் பிளக்தான். ஆனால் பிளக்கை நான் நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாமதமாக மாற்றினேன். அந்தத் தாமதத்துக்கு வயர் விலை கொடுத்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்திருக்கும். அதன் விலையோடு ஒப்பிட்டால் வயர் செட் ஒன்றுமேயில்லை.

காலையில் மாட்டிய புது இரண்டாம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஒரே நாளில் அதன் பீங்கானிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஆரம்பித்திருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடும் என்று அண்ணன் சொன்னார். துடைத்தேன், பெரும்பாலும் போனது. ஆனாலும் அந்தக் கோட்டை நம்பிப் புது வயரை மாட்ட மனம் வரவில்லை.

திங்கள் சாயங்காலம் வேலை முடிந்து மறுபடி சிம்மக்கல். நாலு வயரும் சேர்ந்த செட் ஒன்று, கூட ஒரு பிளக். நாலு சிலிண்டர் வண்டிக்கு ஆறு பிளக் வாங்கிய ஆள் என்று கடைக்காரர் என்னை ஞாபகம் வைத்திருப்பார். வரும் வழியில் ஒரு பருத்திப்பால். நாலு வயரும் நாலு நீளம் என்பதால் பழையதை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே நீளத்துப் புதியதை அதே பாதையில் கொண்டுபோய், கிளிப்பில் மாட்டினேன். ஒன்றை ஒன்று தொட்டு உரசாமல், எக்ஸாஸ்ட் பக்கம் சாயாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. இருபது நிமிஷம். அன்றைக்கு ராத்திரியும் கண்மாய்ப் பக்கம் போய்த் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். இருட்டு மட்டும்தான் இருந்தது. அண்ணனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போனோம். தல்லாகுளம் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் வேண்டுமென்றே முழுக்க அழுத்தினேன். பையன் முன் சீட்டுக்கு நடுவே தலையை நீட்டிக் காத்திருந்தான். பாலத்தின் மேல் சமதளம் வந்த பிறகுதான், "விக்கல் போயிருச்சுப்பா" என்றான்.

பானட்டின் உள்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதியும் 87,460 என்ற மீட்டர் எண்ணும், 'பிளக், வயர் மாற்றியது' என்றும் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். பழைய வயரில் மூன்றை அவசரத்துக்கு டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவதை மட்டும் கட்டிங் பிளேயரால் நடுவில் வெட்டிக் குப்பையில் போட்டேன். இல்லாவிட்டால் என்றைக்காவது அவசரத்தில் நானே அதை எடுத்து மாட்டிவிடுவேன்.